டெல்டாவில் ஒரு தனி வயலின் கச்சேரி: பரோக்கும் நவீனமும் முதன்முறை வாசிப்பவருக்கு

கும்பகோணத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் வர்ணமும் கீர்த்தனையும், சாயங்காலம் மேற்கத்தியப் பாடம். இரண்டும் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து கிரேடு தேர்வு முடித்ததும் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள். "டீச்சர், நானே தனியா ஒரு கச்சேரி வாசிக்கணும். பாக் இருக்கணும், நம்ம காலத்துக்குப் பக்கத்துல எழுதினதும் இருக்கணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" பாக் ஜெர்மன் இசையமைப்பாளர். ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையிலான அவர் காலத்து மேற்கத்திய இசையைத்தான் பரோக் என்கிறோம்.

சென்னையில் இருப்பவருக்கு இதைச் சொல்லித் தர ஆள் கிடைப்பார்கள். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் தானேதான் வழி தேட வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பக்கவாத்தியம் இல்லை, பியானோ இல்லை, ஒரு வயலின், நாற்பது ஐம்பது ரசிகர்கள், ஐம்பது நிமிடம். முதல் முயற்சிக்கு இந்த அளவு போதும்.

இந்த இசை நம் ஊருக்கு அந்நியம் என்ற கூச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். காவிரி கடலைத் தொடும் பூம்புகாரிலிருந்து சற்றே தெற்கே, தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது. பாக் அப்போது ஜெர்மனியில் கேத்தன் என்ற சிறு நகரத்து அரண்மனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தனி வயலினுக்கான ஆறு படைப்புகளையும் 1720இல் அங்கேதான் தன் கையால் படியெடுத்து முடித்தார். தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் வைத்த சீகன்பால்க் படித்த ஹாலே நகரம்தான் பாக் காலத்து இன்னொரு பெரிய இசையமைப்பாளரான ஹாண்டல் பிறந்த ஊர். தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் அந்த மாதிரி பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வர சாகித்யங்கள் செய்தார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை இன்னும் முன்னே நடத்தினார். ஆக, இங்கே பாக் வாசிக்க நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதல் படி: ஜோடி ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, காலவரிசைப்படி நிரல் போடுவது. பழையதில் தொடங்கி, ஆண்டு ஆண்டாக நகர்ந்து, கடைசியில் நவீனத்தில் முடிப்பார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும். வாசித்துப் பார்த்தால் முதல் பாதி இனிமையாகவும் இரண்டாம் பாதி கசப்பாகவும் ரசிகர் மனதில் பதிந்துவிடும். "முதல்ல வாசிச்சது நல்லா இருந்தது" என்று கிளம்பும்போது சொல்வார்கள். அந்தப் பேச்சு நவீன இசைக்குச் செய்யும் அநியாயம்.

அதனால் ஒரு பழையதையும் ஒரு புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் ஒட்டு இருக்க வேண்டும்: ஒரே நடை, ஒரே உத்தி, ஒரே வகை நடனம். இசையமைப்பாளர்களே இப்படிப் பழையவர்களோடு பேசியிருக்கிறார்கள். பெல்ஜியத்து வயலின் கலைஞர் யூஜின் இஸாய் 1923இல் தனி வயலினுக்கு ஆறு சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பு) எழுதினார். அதில் இரண்டாவது, பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் (பார்ட்டிட்டா என்பது நடனப் பகுதிகளின் தொகுப்பு) முதல் அடியை அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்குகிறது, உடனே அதோடு சண்டைக்குப் போகிறது. ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக் 1944இல் வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹினுக்காக எழுதிய தனி சொனாட்டாவின் முதல் பகுதி, டி மைனர் பார்ட்டிட்டாவின் கடைசியில் வரும் பாக்கின் புகழ்பெற்ற சக்கோனை நினைவில் வைத்துச் 'சக்கோன் நடையில்' என்றே தலைப்பிடப்பட்டது. இந்த இரண்டும், பாக்கின் சக்கோனும், உங்கள் முதல் கச்சேரிக்கு வேண்டாம். கேளுங்கள், சுரக்குறிப்பை வைத்துக்கொண்டு பின்தொடருங்கள், வாசிப்பதைப் பத்து வருடம் தள்ளிப்போடுங்கள். சக்கோன் மட்டுமே கால் மணி நேரத்துக்குக் கிட்டே வரும். அதற்குக் கையை விட மனசுக்கு வயதாக வேண்டும்.

என் மாணவி ஒருத்தி வாசித்த நிரலைச் சொல்கிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றியும் கொள்ளலாம்.

தொடக்கத்தில் பாக் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர் டெலிமான். 1735இல் அவர் தனி வயலினுக்குப் பன்னிரண்டு ஃபேண்டசியா (கட்டற்ற வடிவத்தில் அமைந்த சிறு படைப்பு) வெளியிட்டார். ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். நம் கச்சேரியில் வர்ணம் செய்யும் வேலையை இது செய்யும். விரல் சூடாகும், மூச்சு நிலைக்கு வரும், ரசிகருக்கும் உங்கள் நாதம் பழகும்.

அடுத்து பாக்கின் டி மைனர் பார்ட்டிட்டாவிலிருந்து அலமாண்ட், ஜீக் என்ற இரண்டு நடனப் பகுதிகள். இந்தத் தேர்வுக்கு ஒரு காரணம் உண்டு. பாக்கின் தனி வயலின் படைப்புகள் என்றாலே இரண்டு மூன்று தந்தியைச் சேர்த்து இழுக்கும் கொத்து ஸ்வரங்கள்தான் பயமுறுத்தும். இந்த இரண்டு பகுதிகளும், நடுவிலுள்ள குராண்ட் என்ற நடனமும், பெரும்பாலும் ஒற்றை வரிதான். கர்நாடக சங்கீதத்தில் வளர்ந்த கைக்கு ஒற்றை வரி ஏற்கெனவே பழக்கம். ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் இரண்டு குரல் ஒளிந்திருக்கும். ஒன்று கீழே நடக்கும், இன்னொன்று மேலே பதில் சொல்லும். அதைப் பிரித்துக் காட்டுவதுதான் சாதகம்.

அதன் ஜோடி, பார்டோக் 1931இல் இரண்டு வயலினுக்கு எழுதிய 44 சிறு படைப்புகளிலிருந்து நாலைந்து. கற்றுக்கொள்பவர்களுக்காகவே எழுதியவை, கிராமத்துப் பாட்டுகளின் மேல் கட்டியவை. கூட வாசிக்க உங்கள் ஆசிரியரோ ஒரு தோழியோ இருந்தால் போதும். தனிக் கச்சேரியில் இரண்டு பேரா என்று தயங்காதீர்கள், நடுவில் ஒரு துணை வந்து போனால் ரசிகருக்கும் உங்களுக்கும் இளைப்பாறல். இதில் கொசு நடனம் என்று ஒன்று உண்டு. கும்பகோணத்தில் அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. பைக்குழல் என்று இன்னொன்று. ஒரு வயலின் ஒத்து ஊதுகிற மாதிரி கீழே நிற்க, மற்றது மேலே ஆடும். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊரில் இதை எடுத்தவுடன் தலைகள் அசையும்.

பிறகு ஒரு நோட்டுஸ்வரம், "ஸந்ததம் பாஹிமாம்". ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டில் தீட்சிதர் செய்த சங்கராபரணம். இரண்டு நிமிடம்தான். கமகம் என்னும் அசைவு போடாமல் மொட்டையாக வாசியுங்கள். அதன் அழகு அங்கேதான். இரண்டு உலகத்துக்கும் நடுவே நம் ஊர்க்காரர் ஒருவரே போட்ட பாலம் அது. நிரலின் நடுவில் வைத்தால் மொத்தக் கச்சேரிக்கும் அர்த்தம் கூடும்.

அடுத்த ஜோடி நடனம். பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவிலுள்ள காவட், போலந்தின் கிரஜினா பட்செவிச் 1949இல் எழுதிய போலந்துக் காப்ரிஸ். காவட் மூன்று நிமிடம், காப்ரிஸும் அதே அளவு. காவட்டைப் பற்றி மேடையில் ஒரு வரி சொல்லலாம்: 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் இந்த காவட் இருக்கிறது, அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடியதும் இருக்கிறது. காப்ரிஸ் மெதுவாகப் பேச ஆரம்பித்து, கிராமத்து நடனமாகத் துள்ளி முடியும். பட்செவிச் தாமே வயலின் கலைஞர், அதனால் கை எட்டாத இடத்துக்கு விரலை அனுப்பமாட்டார்.

கடைசியில் நிரலிலேயே மிகப் பழையது. சால்ஸ்பர்க்கில் வாழ்ந்த பீபர் 1676 வாக்கில் எழுதிய பாசகாலியா. தஞ்சாவூர் நாயக்கர் கையிலிருந்து மராட்டியர் கைக்கு மாறிய அதே பத்தாண்டு. கீழிறங்கும் நாலு ஸ்வரம், அவ்வளவுதான் கரு. ஜி என்ற மேற்கத்திய ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஸ நி த ப, நடபைரவியின் ஸ்வரங்கள். இந்த நாலும் 65 தடவை திரும்பத் திரும்ப வரும், அதன் மேலே பீபர் விதவிதமாகக் கட்டிக்கொண்டே போவார். எட்டு ஒன்பது நிமிடம். நம் ஒத்து ஒரே ஸ்வரத்தில் நிற்கும், இந்த ஒத்து நாலு படி இறங்கி இறங்கி நடக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். இதில் கொத்து ஸ்வரங்கள் வரும், நிரலிலேயே கஷ்டமானதும் இதுதான். கை தயாராகவில்லையென்றால் இதை விட்டுவிட்டு இன்னொரு டெலிமானில் முடியுங்கள், குறையொன்றும் இல்லை. ஒரு வீட்டு முற்றத்தில் இது முடிந்ததும், தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "நாலு ஸ்வரத்த வெச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போயிட்டு வந்துட்டாரும்மா" என்றார். நடுவில் நவீன இசை கேட்டுப் பழகிய காதுக்கு, 1676 புத்தம் புதிதாகக் கேட்டிருக்கிறது. பழையதைக் கடைசியில் வைப்பதற்கு எனக்கு அந்த ஒரு பேச்சே போதும்.

எல்லாம் கூட்டினால் வாசிப்பு நாற்பது நிமிடம், பேச்சு பத்து நிமிடம். இரண்டரை மணி நேரக் கச்சேரி கேட்டுப் பழகிய ஊர் என்று நீட்டாதீர்கள். மிருதங்கமும் தம்புராவும் இல்லாத ஒற்றை வயலினைக் கேட்பது வேறு வகை உழைப்பு.

சுரக்குறிப்பு விஷயம்: பாக், டெலிமான், பீபர் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. பார்டோக் 1945இல் காலமானவர், பட்செவிச் 1969இல். ஆகவே பட்செவிச்சின் அச்சுப் பிரதியை விலை கொடுத்தே வாங்குங்கள்.

இரண்டாம் படி: வயலினைத் தயார் செய்யுங்கள்

முடிந்தால் மேற்கத்திய இசைக்குத் தனி வயலின் வைத்துக்கொள்ளுங்கள். நம் சுருதி ஸ ப ஸ ப, அவர்கள் சுருதி ஜி டி ஏ ஈ. நடு இரண்டு தந்திக்கு இடையேயுள்ள தூரமே வேறு. நமக்கு ப-வுக்கும் ஸ-வுக்கும் நாலாவது ஸ்வர தூரம், அங்கே எல்லா இடமும் ஐந்தாவது. ஒரே வயலினை மாற்றி மாற்றி முறுக்கினால் தந்தி நிலைக்கு வராது. ஒவ்வொரு தடவையும் பிரிட்ஜ் விரல்பலகைப் பக்கம் சாயும். ஒரே வயலின்தான் இருக்கிறது என்றால், கச்சேரிக்குப் பத்து நாள் முன்பே மேற்கத்தியச் சுருதிக்கு ஏற்றிவிட்டு அங்கேயே விடுங்கள். தினமும் பக்கவாட்டில் பாருங்கள்: பிரிட்ஜின் வால்பலகைப் பக்கம் பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி. அதே பீபர் எழுதிய ஜெபமாலை சொனாட்டாக்கள் பதினைந்தில் பதினான்குக்கு வயலினின் சுருதியை மாற்றச் சொல்கிறார். இரண்டாவது சொனாட்டாவுக்கு அவர் கேட்பது ஏ ஈ ஏ ஈ. ஆறு கட்டையில் ஸ ப ஸ ப! நம் வயலினை நாம் எப்படிச் சேர்க்கிறோமோ அதே முறை. அதற்குக் கீபோர்டு துணை வேண்டும் என்பதால் தனிக் கச்சேரி நிரலில் சேர்க்கவில்லை. துணைக்கு ஆள் இருந்தால், கர்நாடகக் கையோடு வருபவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

சுருதி எவ்வளவு உயரம் என்பது அடுத்த கேள்வி. இன்றைய ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு (ஏ 440), அதாவது நம் ஆறு கட்டை. பரோக் இசைக்கென்றே வாத்தியம் வைத்திருப்பவர்கள் ஏ 415இல் சேர்ப்பார்கள், கிட்டத்தட்ட ஐந்தரைக் கட்டை. ஒரே கச்சேரியில் இரண்டும் வாசிக்கும் நமக்கு இறக்கி ஏற்ற நேரம் கிடையாது. 440இலேயே இருங்கள். பரோக் வாசனை சுருதியில் வருவதைவிட வில்லில்தான் அதிகம் வரும். பரோக் வில் வெளிப்பக்கம் வளைந்தது, நுனி லேசானது. இன்றைய உள்வளைந்த வில்லின் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் வில் செய்த டூர்ட் வகுத்தது. பழைய வில் வாங்கச் செலவாகும். அதற்குப் பதில், பாக் வாசிக்கும்போது இன்றைய வில்லை, கை பிடிக்கும் அடிக்கட்டையிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். நுனி பாரம் குறைந்து, ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கி, மலர்ந்து, அடங்குவது கேட்கும்.

நம் ஊர் வெயிலும் ஈரமும் தனி அத்தியாயம். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தில் உப்பிப் பிருடைகள் (தந்தியை முறுக்கும் குச்சிகள்) இறுகிக்கொள்ளும். அந்த நேரத்தில் பலம் கொடுத்து முறுக்கினால் தந்தி அறும், பிருடை ஒடியும். வெளியே உருவி, காய்ந்த சோப்பை லேசாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். ஏசி அறைக்குப் போனால் எதிர்மாறு, வழுக்கி அவிழும், அப்போது சாக்பீஸ் பொடி. குடல்தந்தி மீது ஆசை வரும், நாதம் அவ்வளவு மிருது. ஆனால் இந்த ஈரத்தில் பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க வேண்டிவரும். செயற்கை இழைத் தந்தியோடு தொடங்குங்கள். பெட்டிக்குள் சிலிக்கா பைகள் இரண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடம்கூட வயலினை விடாதீர்கள், பஸ்ஸில் இன்ஜின் பக்கமும் வைக்காதீர்கள். பலகைகளை ஒட்டியிருக்கும் வச்சிரம் சூட்டில் இளகும். வச்சிரம் விட்டுக்கொண்டால் வீட்டில் பிசின் போட்டு ஒட்டாதீர்கள். தஞ்சாவூரில் வீணை செய்பவர்களின் கை மிக நுட்பமானது, ஆனால் வயலினின் பிரிட்ஜும் உள்ளே நிற்கும் ஒலிக்குச்சியும் வேறு வித்தை. அதைத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: மூன்று மாதச் சாதகம்

உட்கார்ந்து வாசித்தவர் நின்று வாசிக்கப் பழகுவதற்கே ஒரு மாதம் ஆகும். நமக்கு வயலினின் சுருள் காலில் ஊன்றி நிற்பதால் இடது கை முழு விடுதலையோடு வழுக்கும். நிற்கும்போது அந்த ஊன்றல் போய்விடும், தோளும் முகவாயும் தாங்க வேண்டும். தினமும் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். கழுத்து வலித்தால் உடனே நிறுத்துங்கள். முகவாய்க்கட்டை என்பதே 1820 வாக்கில் ஜெர்மன் வயலின் கலைஞர் ஷ்போர் கொண்டுவந்தது, பாக் காலத்தவர்கள் அது இல்லாமலே வாசித்தார்கள். அதனால் கிடுக்கிப்பிடி தேவையில்லை.

அடுத்தது கமகம். பாக் வாசிக்கும்போது நம் விரல் தானாக ஜாரு போடும், ஸ்வரத்தை ஆட்டும். மொட்டையாக நிறுத்தப் பழகுங்கள். சங்கராபரணத்தின் ஆரோகண அவரோகணத்தைத் தம்புரா இல்லாமல், அசைவில்லாமல், மிக மெதுவாக, ஒரு வில்லுக்கு ஒரு ஸ்வரம். கேட்கச் சுலபமாக இருக்கும், செய்து பாருங்கள். தம்புரா இல்லாமல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாக்கில் ஆதார ஸ்வரமே நகரும். டி மைனரில் தொடங்கி, நடுவில் எஃப் மேஜருக்குப் போய், திரும்பி வரும். நமக்குத் தெரிந்த கிரகபேதம் போல ஒன்று, ஆனால் அங்கே போய்த் தங்கிவிட்டே வருவார். எந்த இடத்தில் ஸட்ஜம் மாறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் வில்லுக்கு ஒரு சின்ன மூச்சு கொடுங்கள். இந்த ஒரு வேலை பாதிப் பாக்கைச் சொல்லிக்கொடுத்துவிடும். பரோக்கின் திரில் (பக்கத்து ஸ்வரத்தோடு மாற்றி மாற்றி வேகமாக அசைப்பது) பொதுவாக மேல் ஸ்வரத்தில் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், நம் கை கீழ் ஸ்வரத்திலிருந்து ஆரம்பிக்கத் துடிக்கும்.

நவீனப் படைப்புகளில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது: கணக்கு. அடிக்கடி தாளம் மாறும் இடங்களில் மற்றவர்கள் ஒன்று இரண்டு எண்ணித் தடுமாறுவார்கள். நீங்கள் சொல்கட்டு போடுங்கள். தகதிமி தகிட என்று வாயால் சொல்லி, கையில் தட்டி, பிறகு வயலினை எடுங்கள். என் மாணவர்கள் நவீன இசையில் முதலில் வெற்றி பெறுவது எப்போதும் லயத்தில்தான்.

மனப்பாடம் செய்யுங்கள். நம் மரபில் இது சொல்லவே தேவையில்லை. மேற்கத்திய இசை என்றதும் பிள்ளைகள் தாளைப் பார்த்தே வாசிக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்டோக் ஜோடிகளுக்கு மட்டும் தாள் இருக்கட்டும்.

நான்காம் படி: நாளும் இடமும்

நான் பட்டது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு ஒரு கல்யாண மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தார்கள் என்று ஒப்புக்கொண்டேன். டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரமான கான்கிரீட் கூரை. வேகமான பகுதியில் ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததன் மேல் ஏறிக்கொண்டது. மின்விசிறியை நிறுத்தினால் ஜனங்கள் வேர்த்துப்போனார்கள், போட்டால் தாள் பறந்தது. அது போதாதென்று அன்று முகூர்த்த நாள். பக்கத்து மண்டபத்தில் ஜானவாசம் கிளம்ப, நாதஸ்வரமும் தவிலும் முழங்கியது. சரபாந்த் என்ற மெதுவான நடனப் பகுதியின் நடுவில் நிறுத்திவிட்டு, ஊர்வலம் கடக்கும் வரை நின்றேன். அன்று எனக்கு அழுகை வந்தது. அந்தக் கச்சேரியைக் கேட்க மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் இருந்தார்கள்.

அதனால் முதலில் பஞ்சாங்கம். முகூர்த்த நாள் வேண்டாம். பக்கத்துக் கோயில்களில் திருவிழா இருக்கிறதா என்று கேளுங்கள், ஆடி மாதம் முழுக்க ஒலிபெருக்கி. ஐப்பசி கார்த்திகையில் மழை, சாயங்காலமானால் வயல்பக்கம் தவளைக் கச்சேரி தனி. சித்திரை வைகாசி வெயிலில் விரல் வழுக்கும், ரோஸின் பிசுபிசுக்கும். நல்ல காலம் தையும் மாசியும்தான். திருவையாறு ஆராதனை நாட்களை ஒட்டி வைக்காதீர்கள். ரசிகர்கள் அங்கே இருப்பார்கள், நீங்களும் அங்கேதான் இருக்க வேண்டும். கும்பகோணமாக இருந்தால் சிவராத்திரியையும் மாசிமகத்தையும் தவிருங்கள்.

இடத்துக்கு என் முதல் தேர்வு பழைய முற்றம் வைத்த வீடு. கூடத்தில் மரத்தூண், மேலே மர உத்தரமும் ஓடும், நடுவே திறந்த வானம். ஒலி அமுங்காது, சுழன்று குழம்பாது. நாற்பது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் அளவு கச்சிதம். அதுபோல வீடுகள் அக்ரஹாரங்களிலும் பெரிய தெருக்களிலும் இன்னும் இருக்கின்றன, உரிமையாளரிடம் மரியாதையோடு கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அடுத்த தேர்வு பழைய தேவாலயம், ஆராதனை இல்லாத மாலையில். ஒலி நீளமாக நிற்கும் என்பதால் அங்கே வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்; பீபர் அங்கே தேனாக இருக்கும். எந்த இடமானாலும் அதே நேரத்தில் ஒருநாள் முன்னதாகப் போய், நடுவில் நின்று கை தட்டிக் கேளுங்கள். பிறகு ஒரு நண்பரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து மெல்லிய பகுதியை வாசியுங்கள்.

மைக் வேண்டாம். இதில் சபாக்காரர்களோடு நீங்கள் உறுதியாகப் பேச வேண்டியிருக்கும். "கடைசி வரிசைக்குக் கேக்காதும்மா" என்பார்கள். நாற்பது பேர் கூடத்தில் கேட்கும். ஒற்றை வயலினின் நுனிவில் மூச்சு ஸ்பீக்கர் வழியாக வந்தால் தகரமாகிவிடும். பேசுவதற்கு மட்டும் வேண்டுமானால் ஒரு கைமைக் இருக்கட்டும், வாசிக்கும்போது அணைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ரசிகரோடு பேசுங்கள்

ஒரே பக்கத்தில் தமிழில் ஒரு நிரல் அச்சிடுங்கள். பெயர், ஆண்டு, எத்தனை பகுதி, எத்தனை நிமிடம், ஒவ்வொன்றுக்கும் கேட்க ஒரு குறிப்பு. "கீழே இறங்கும் நாலு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது கடைசி வரை விடாது" என்பது போதும். வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

பகுதிகளுக்கு நடுவே கைதட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மேற்கில் இன்று படைப்பு முழுவதும் முடிந்தபின்தான் தட்டுவது வழக்கம். நம் ஊரில் நல்ல இடம் வந்தால் "பலே" என்று வாய் திறந்துவிடும். அதை அடக்கச் சொல்லாதீர்கள், நடுவில் தட்டிவிட்டால் முகம் சுளிக்காதீர்கள், லேசாகத் தலையசைத்துத் தொடருங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே அன்போடு கேட்டுக்கொள்ளலாம்: தொடையில் ஓங்கித் தாளம் போடுவது. மிருதங்கம் இல்லாத அமைதியில் அந்தச் சத்தம் வயலினுக்கு மேலே கேட்கும். "விரலால் மட்டும் எண்ணுங்கள்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

நவீனப் பகுதிகளில் வில்லின் மரக்கம்பால் தட்டுவது, பிரிட்ஜுக்கு ஒட்டி இழுத்துச் சீறவைப்பது, தந்தியை இழுத்து விட்டுப் பலகையில் அறையவைப்பது போன்றவை வந்தால், தொடங்குமுன் அந்த ஒலியைத் தனியாக ஒருதரம் செய்து காட்டுங்கள். கை தவறிவிட்டதோ என்று முன்வரிசைப் பாட்டி பதறமாட்டார். அடுத்த முறை அந்த ஒலி வரும்போது, பக்கத்திலிருப்பவரிடம் அவரே சொல்லிக்கொடுப்பார்.

அன்றைய நாள்

காலையில் முழு நிரலையும் வாசிக்காதீர்கள். தொடக்கங்களை மட்டும், மெதுவாக. மதியம் லேசான சாப்பாடு. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள், அந்த இடத்துக் காற்று அதற்குப் பழகட்டும். ரசிகர்கள் வந்து உட்கார்ந்ததும் கூடத்தின் சூடு ஏறும், சுருதி நகரும். அதனால் உள்ளே நுழைவதற்குச் சற்று முன் இன்னொரு முறை சேருங்கள்.

கூட எடுத்துப்போக வேண்டியவை: ஈ தந்தி இரண்டு, மற்றவை ஒவ்வொன்று, இன்னொரு வில், துணி உலர்த்தும் கிளிப் ஆறு, வேர்வைக்குப் பருத்தித் துண்டு, டார்ச். தாள்தாங்கியை விசிறிக்கு நேரே வைக்காதீர்கள். மின்சாரம் போனால் வாசிப்பதை நிறுத்தாதீர்கள். மனப்பாடமும் மைக் இல்லாததும் கைகொடுக்கும் நேரம் அது. என் மாணவி பாசகாலியா வாசித்தபோது பாதியில் மின்சாரம் போனது. வீட்டுக்காரம்மா சத்தமில்லாமல் ஒரு குத்துவிளக்கை ஏற்றி முற்றத்து ஓரத்தில் வைத்தார். அந்த நாலு ஸ்வரமும் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள், காபி வரும், ஃபோட்டோ எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுங்கி வில்லின் திருகைத் தளர்த்துங்கள், தந்தியிலும் பலகையிலும் படிந்த ரோஸினைத் துடையுங்கள். அன்றிரவே நிரல் தாளின் பின்பக்கத்தில் எந்த இடத்தில் ரசிகர் அசைந்தார்கள், எந்த இடத்தில் இருமினார்கள் என்று எழுதி, வயலின் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். அடுத்த நிரலின் ஜோடிகளை அந்தத் தாளைப் பார்த்துத்தான் போட வேண்டும்.